பதினாலு நாள் மருந்து

என்னைப் புகழ்ந்து ஆரம்பிக்காதீர்கள். புகழுக்கு நான் எவ்வளவு சீக்கிரம் மயங்குவேன், அது வேறொருத்திக்குப் போய்விட்டால் எவ்வளவு கீழே இறங்குவேன் என்பதுதான் இன்றைக்கு நான் சொல்ல வந்த விஷயமே.

நீங்கள் எல்லோரும் புறநோயாளிப் பிரிவில் உட்கார்ந்து, பேசியே வைத்தியம் செய்கிற வேலைக்கு வந்திருக்கிறீர்கள். ஆளுமைக் கோளாறு என்று அழகாகப் பெயரும் சொல்கிறீர்கள். இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய வருஷங்களில் நாமக்கல் பக்கத்தில் ஒரு பெண்கள் ஆஸ்பத்திரியில் நான் டாக்டராக இருந்தபோது எங்களிடம் அப்படிப் பெயர் எதுவும் கிடையாது. ஊரிடம் நிறையப் பெயர் இருந்தது. அடங்காப்பிடாரி, பேய் பிடித்தவள், வேஷக்காரி. நானும் பேசியே செய்த வைத்தியத்துக்கு மட்டும் எங்கள் கம்பவுண்டர் பெயர் வைத்திருந்தார். "இன்னைக்கு வாய்க் கசாயம் உண்டுங்களா, டாக்டரம்மா?" என்பார். கிண்டல்தான். ஆனால் மனுஷர் அந்த நேரத்தில் என் அறைப் பக்கம் ஒருவரையும் விடமாட்டார்.

பாவாயி என்று ஒரு பெண். சேந்தமங்கலம் போகிற வழியில் ஒரு பண்ணைக் குடும்பம். முப்பது வயது இருக்கும். ஒருவரைப் பிடித்துவிட்டால் தெய்வம் என்பாள். மறுநாளே ஏதோ ஒன்று குறைந்துவிட்டால் அதே ஆளை நாய் என்பாள். வீட்டில் ஒரு நாள் கட்டிக்கொண்டு அழுவாள், மறுநாள் சட்டிபானை பறக்கும். இரண்டு முறை கிணற்று மேட்டிலிருந்து பிடித்து இழுத்து வந்திருக்கிறார்கள். வேப்பிலை அடித்துப் பார்த்தாயிற்று, கோடாங்கியிடம் போயாயிற்று. புருஷன் நல்லப்பன் நல்ல மனிதர். முதல் நாள் என்னிடம் சொன்னார்:

"அடிக்கவும் மனசு வரலீங்க, வெச்சுக்கவும் தெம்பு இல்லீங்க. பட்டணத்துப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில உட்டுப்போட்டு வேற கண்ணாலம் பண்ணுன்னு ஒறம்பரைச் சனமெல்லாம் சொல்றாங்க. நீங்க ஒருக்காப் பாருங்க. இதுதான் கடைசிங்க."

அப்படி அங்கே விடப்பட்டவர்களை யாரும் போய்த் திரும்பக் கூட்டி வந்ததை நான் பார்த்ததில்லை. பாவாயிக்கும் அது தெரியும்.

பேசுவதற்காக ஒரு பெண்ணை வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிற குடும்பம் அந்தக் காலத்தில் ஏது? பேச்சுதான் வீட்டிலேயே வேண்டிய மட்டும் கிடக்கிறதே! மருந்து வேண்டும். பாட்டிலில் வேண்டும். நிறமாக இருக்க வேண்டும். ஆகவே கம்பவுண்டரிடம் சொல்லிச் சர்க்கரைப் பாகும் ஓமத் தண்ணீரும் சிவப்புச் சாயமும் கலந்து ஒரு பாட்டில் கொடுக்கச் செய்தேன். வேளைக்கு இவ்வளவு என்று காட்ட, பாட்டிலின் பக்கவாட்டில் பல்லுப் பல்லாக வெட்டிய காகிதம் ஒட்டியிருப்பார். சரியாக ஏழு நாளைக்கு வரும். கடைசிப் பல்லுக்கு மருந்து இறங்கியதும் நல்லப்பன் வண்டி கட்டுவார். காலிப் பாட்டிலோடு பாவாயி புதன்கிழமை காலை வந்து இறங்குவாள். வெளியே இருக்கும் கூட்டம் தீர்ந்தபிறகு ஒரு மணி நேரம் அவளுக்கு. அந்த ஒரு மணி நேரம்தான் மருந்து. பாட்டில், வீட்டுக்காரர்களுக்கு.

முதல் மூன்று மாதம் கத்தல்தான். "மணி ஆகிவிட்டது, அடுத்த புதன் பார்க்கலாம்" என்று நான் எழுந்தால் போதும். அதுவரை என் கையைப் பிடித்துக்கொண்டு 'என்ற ஆத்தா மாதிரி நீங்க' என்றவள், 'நீயெல்லாம் ஒரு பொம்பளையா' என்பாள். நான் ஒரு நிமிஷம் கூட்டமாட்டேன், ஒரு நிமிஷம் குறைக்கவும் மாட்டேன். அடுத்த புதன் வருவாள். நான் அங்கேயே இருப்பேன். திட்டிவிட்டுப் போனாலும் ஆள் இருக்கிறாள் என்று அவள் கண்டுகொள்ள வேண்டும். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த வித்தை. எட்டு மாதத்தில் அவள் ஒரு தடவைகூடக் கிணற்று மேட்டுப் பக்கம் போகவில்லை. 'எங்க டாக்டரம்மா' என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம் ஞானம் வந்தாள்.

ஞானம் எங்கள் நர்ஸ். ஆத்தூர்ப் பக்கத்துப் பெண், இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம். ஒரு புதன்கிழமை பாதிப் பேச்சில் என்னைப் பிரசவ அறைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். பாவாயியைத் தனியாக விட பயந்து, "கொஞ்ச நேரம் கூட உட்காரு" என்று ஞானத்திடம் சொல்லிவிட்டுப் போனேன். அரை மணி கழித்துக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தால், பாவாயி தணிந்த குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறாள். சின்ன வயசில் தாய் செத்துப்போனதையும், மூன்று சித்தி பெரியம்மா வீடுகளில் மாற்றி மாற்றி வளர்ந்ததையும், ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கிளப்பும்போது கையில் ஒரு துணி மூட்டையைக் கொடுத்து வாசலில் நிறுத்தியதையும். எட்டு மாதம் தோண்டியும் எனக்கு ஊறாத தண்ணீர் அவளுக்கு அரை மணியில் ஊறிவிட்டது.

எரிந்தது. வேறு சொல் தேடவில்லை நான். வயிறு எரிந்தது.

சந்தோஷப்பட வேண்டிய இடம் அது. என் நோயாளி வாய் திறந்துவிட்டாள். என் மூளை அதைச் சொல்லிக்கொண்டே இருந்தது. ஆனால் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதன்பின் பாவாயி வரும்போதும் போகும்போதும் டிரஸ்ஸிங் அறையில் ஞானத்தை எட்டிப் பார்த்து நாலு வார்த்தை பேசுவது வழக்கமாயிற்று. தன்னைவிட இளையவள் என்றாலும் 'ஞானமக்கா' என்றுதான் கூப்பிடுவாள். ஒரு நாள் அங்கே வேர்க்கடலைத் தொலி கிடந்தது. முதல் வாரம் அவள் எனக்கு மடியில் கட்டி அவித்த கடலை கொண்டு வந்தபோது, 'நோயாளியிடம் எதுவும் வாங்கமாட்டேன்' என்று ஒரு பிரசங்கம் செய்து திருப்பி அனுப்பியவள் நான். அப்படியும் அந்தத் தொலியைப் பார்த்து எனக்கு முகம் சுண்டிப் போனது. சிரிக்காதீர்கள். உங்களுக்கும் ஒரு நாள் வரும்.

பாவாயிக்கா தெரியாது? அந்த மாதிரி மனுஷர்களுக்கு அடுத்தவர் மனசு எங்கே நோகும் என்று மோப்பம் தெரியும். ஒரு புதன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"ஞானமக்கா கேக்கறப்ப சொல்லோணும்னு தோணுதுங்க. நீங்க கேக்கறப்ப பரிச்சை எழுதற மாதிரி இருக்குதுங்க."

"அப்படியா, நல்லது" என்றேன். ஒன்றும் நல்லதில்லை.

அந்தச் சமயத்தில் கிராமங்களில் காலரா கிளம்பி, என்னை இரண்டு வாரம் ஊர் ஊராகப் போகச் சொல்லி உத்தரவு வந்தது. நடுவில் ஒரு புதன்கிழமை. நான் இல்லை. ஞானம் இருக்கிறாள். அவளை உட்கார வைத்துவிட்டுப் போயிருந்தால் விஷயம் முடிந்தது. கிளம்புவதற்கு முந்தின புதன்கிழமை பாவாயியின் சீட்டில் ஏழு என்று எழுத வேண்டிய இடத்தில் பதினாலு என்று எழுதினேன்.

கம்பவுண்டர் சீட்டை எடுத்துக்கொண்டு வந்து நின்றார். "ஏனுங்க, பதினாலுங்களா? அத்தாம் பெரிய பாட்டில் இல்லீங்களே."

"இரண்டு பாட்டில் கொடுங்கள்."

மனசுக்குள் என்ன நியாயம் சொல்லிக்கொண்டேன் தெரியுமா? பாவம், அறுப்புக் காலம், நல்லப்பனுக்கு ஒரு வாரம் அலைச்சல் மிச்சம், மாடுகளுக்கும் ஓய்வு! மாடுகள் மேல் எனக்கு அவ்வளவு கருணை. அதோடு விட்டேனா? அடுத்த புதன்கிழமை ஞானத்துக்கு மாடி வார்டு டியூட்டி போட்டேன். 'நான் திரும்பி வரும்வரை என் பேச்சு நோயாளிகளோடு யாரும் உட்காரக் கூடாது' என்று உத்தரவுப் புத்தகத்தில் எழுதியும் வைத்தேன். ஞானம் படித்துவிட்டு, "சரிங்கம்மா" என்றாள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குற்றம் இன்னொன்று. 'நான் ஊருக்குப் போகிறேன், இன்ன நாள் வந்துவிடுவேன்' என்று பாவாயியிடம் சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. சொல்லவில்லை. 'தேடட்டுமே' என்று இருந்தேன். பேச்சு வைத்தியத்தில் நாளை மாற்றும்போதும் நேரத்தைக் குறைக்கும்போதும் உங்களுக்குத் தோன்றுகிற காரணம் எவ்வளவு நியாயமாக இருக்கிறதோ அவ்வளவு அதைச் சந்தேகப்படுங்கள். என் மாடுகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்த காலையில் கம்பவுண்டர்தான் நடந்ததைச் சொன்னார். வீட்டில் இரண்டு பாட்டிலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறாள் பாவாயி. அடுத்த புதன் தனக்கு வண்டி இல்லை என்று புரிந்துவிட்டது. நடுப் புதன்கிழமை விடியக்காலம் மிச்சம் இருந்ததையெல்லாம் முருங்கைமரத்தடியில் கொட்டிவிட்டு, "மருந்து தீந்துருச்சு, வண்டி கட்டுங்க" என்று புருஷனிடம் காலிப் பாட்டில்களை நீட்டியிருக்கிறாள். மரத்தடி மண் சிவந்து கிடந்ததை மாமியார் பார்த்துவிட்டார். மருந்தையே கொட்டுகிறவளுக்கு ஆஸ்பத்திரி எதற்கு என்று பெரிய சண்டை. இவள் வீட்டை விட்டு இறங்கி, வெயிலில் ஆறேழு மைல் தன்னந்தனியாக நடந்து வந்திருக்கிறாள். என் அறை பூட்டிக் கிடந்தது. ஞானம் மாடியில். "டாக்டரம்மா இல்ல, நர்ஸம்மா வரப்படாதுன்னு உத்தரவு" என்று சொல்லி அனுப்பப் பார்த்திருக்கிறார் கம்பவுண்டர். அவர் பேரில் பிழையில்லை, எழுதி வைத்தவள் நான். பூட்டின கதவைக் கைகளால் குத்திக்கொண்டு அவள் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது.

"என்னையத் தள்ளி உட்டுட்டாங்க, என்னையத் தள்ளி உட்டுட்டாங்கன்னு அதே பேச்சுங்க. அப்புறமேல்ட்டு ஞானம் மாடியிலிருந்து எறங்கி வந்துருச்சுங்க. அவுங்க ஊட்டுக்காரர் தேடி வார வரைக்கும் கூடவே வெறுந்தரையில குந்தியிருந்துதுங்க."

இதைக் கேட்டதும் எனக்கு முதலில் என்ன வந்தது? பாவாயி பிழைத்தாளே என்றா? இல்லை. 'என் உத்தரவை மீறி எப்படி இறங்கினாள்' என்றுதான் வந்தது. உட்கார்ந்த சூட்டோடு ஞானத்துக்கு விளக்கம் கேட்டு ஒரு மெமோ எழுதினேன். மை காயவில்லை, வாசலில் வண்டி வந்து நின்றது.

நல்லப்பன், மாமியார், நடுவில் பாவாயி. கண் வீங்கியிருந்தது. நல்லப்பன் மேஜையில், பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்ப டாக்டர் எழுதித் தர வேண்டிய ஒரு அச்சடித்த பாரத்தை வைத்தார்.

"இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க டாக்டரம்மா. மாஜிஸ்ட்ரேட்டுகிட்டக் குடுத்தா உத்தரவு குடுப்பாராம். சேலத்துல ரயில் ஏத்திப்போட்டனுங்கன்னா முடிஞ்சுது."

பாவாயி என்னைப் பார்த்தாள். பார்த்த பார்வையில் அவள் கெஞ்சியிருந்தால் நான் உடனே பாரத்தைத் தள்ளியிருப்பேன். அவள் கெஞ்சவில்லை.

"எனக்கு ஞானமக்கா போதும். இந்தம்மா மூஞ்சியிலயே முழிக்கமாட்டேன்" என்றாள். அத்தனை பேர் முன்னால்.

பேனாவை எடுத்தேன். மறைக்க மாட்டேன், கையெழுத்துப் போடத்தான் எடுத்தேன். ஒரு பெண்ணின் வாழ்நாள் என் கையில் இருக்கிறது, எனக்கு மூஞ்சியைப் பற்றிய யோசனை. பாரத்தில் ஒரு கட்டம் உண்டு. பைத்தியத்துக்கு அறிகுறியாக டாக்டர் தானே நேரில் கண்டது என்ன என்று எழுத வேண்டும். மருந்தைக் கொட்டினாள் என்று எழுதப் போனேன். அது நான் கண்டதில்லை. தனியாக நடந்து வந்தாள் என்பதும் கண்டதில்லை. நான் கண்டது ஒன்றுதான், டாக்டரைப் பிடிக்கவில்லை என்கிறாள். இதை அறிகுறி என்று எழுதினால் தாலுகாவில் பாதிப் பேரை ரயில் ஏற்ற வேண்டும். சரி, மருந்தை ஏன் கொட்டினாள்? பதினாலு நாளைக்கு இருந்ததால். பதினாலு நாளைக்கு ஏன் இருந்தது? அதற்கு அந்தப் பாரத்தில் கட்டம் இல்லை. பேனாவை மூடி வைத்தேன்.

"கொஞ்சம் வெளியே இருங்கள்" என்று அவர்களை அனுப்பிவிட்டு ஞானத்தைக் கூப்பிட்டேன். மெமோவைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"ஏன் இறங்கினாய்?"

"கீழ அது கத்துது, மேல நான் காய்ச்சல் பார்த்து எழுதிக்கிட்டு நிக்கணுமா? வேலை போனா போவுதுன்னுதான் இறங்கினேன்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்: "அம்மா, உங்களுக்கு என் மேல கோபம்னு எனக்குத் தெரியும். ஆனா ஒண்ணு சொல்லட்டுமா? என்கிட்ட உக்காந்தா பாதி நேரம் உங்க பேச்சுதான். 'டாக்டரம்மா சொன்னா சொன்னதுதான், டாக்டரம்மா இப்படிக் கேட்காது, உனக்கு அந்தளவு வெவரம் பத்தாது அக்கா'ன்னு. எனக்கு எவ்வளவு ஆத்திரமா வரும் தெரியுமா? நாலு நாளைக்கு உங்க மூஞ்சியவே பார்க்கப் பிடிக்காது."

இரண்டு பெரிய மனுஷிகள், ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி புழுங்கிக்கொண்டு, ஒரே கட்டடத்தில் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு நடந்திருக்கிறோம். பாவாயி எங்கள் இரண்டு பேரையும் உரசிப் பார்த்தது, யார் முதலில் தன்னைக் கைவிடுவார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான். நான்தான் முதலில் விட்டேன். மெமோவைக் கிழித்தேன். "நீயும் கூட வா" என்று அவளையும் கூட்டிக்கொண்டு வெளியே போனேன்.

ஒரு பண்ணையக்காரரிடமும் அவருடைய தாயாரிடமும் ஒரு டாக்டர் சொல்லத் தகுந்த விஷயமா அது? சொன்னேன். பாட்டிலில் இருந்தது சர்க்கரைத் தண்ணீர், பேச்சுத்தான் மருந்து என்றேன். மாமியாருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"ஒம்பது மாசமா சக்கரத்தண்ணிக்கா மாட்டைப் பூட்டுனோம்?"

"ஆமாம். ஒன்பது மாதத்தில் கிணற்று மேட்டுக்குப் போனாளா?"

கிழவி என்னை முறைத்தார். "போவுலீங்க" என்றார் வேண்டாவெறுப்பாக.

பிறகு பதினாலு நாள் கதைக்கு வந்தேன். இவள் நர்ஸிடம் மனம் விட்டுப் பேசுகிறாள் என்று எனக்குப் பொறாமை, அவளோடு பேசவிடக் கூடாதென்றுதான் மருந்தைக் கூட்டிக் கொடுத்தேன், குற்றம் என்னுடையது என்றேன். காது மடல் சுட்டது. நல்லப்பனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாமியாருக்குப் பட்டென்று விளங்கிவிட்டது.

"அடச் சீ, இவ்வளவுதானா! ரெண்டு மருமக இருக்கற ஊட்டுல நடக்கறதுதான்" என்றார். "படிச்சவங்களுக்கும் இருக்குதாக்கும்!"

பாவாயி மட்டும் என்னையும் ஞானத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னைய வெச்சா ரெண்டு பேரும் சண்டை போட்டீங்க?" என்றாள். "எங்க சித்தி பெரீம்மா மூணு பேரும் என்னைய வெச்சுச் சண்டை போடுவாங்க. நீ வெச்சுக்கோ, நீ வெச்சுக்கோன்னு. எனக்கு வேணும்னு யாரும் போட்டதில்லீங்க."

அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. பார்க்க நன்றாக இருந்தது. அதை அப்படியே விட்டுவிட எனக்கும் ஆசைதான். ஆனால் அது ஆபத்து. "அதில் சந்தோஷப்படாதே பாவாயி. எங்கள் சண்டையில் அடிபட்டது நீ. கையெல்லாம் காயம் உனக்கு. இனி ஒருவரிடம் மட்டும் வா. யார் என்று நீயே சொல்" என்றேன்.

கொஞ்சம் யோசிப்பாள் என்று நினைத்தேன். யோசிக்கவே இல்லை.

"ஞானமக்கா."

"சரி" என்றேன். அந்த ஒரு வார்த்தை சொல்ல நான் பட்ட பாடு, கஷ்டமான பிரசவம் பார்த்தபோதுகூடப் பட்டதில்லை. பாரத்தை நல்லப்பன் கையில் கொடுத்தேன். அவர் வெகுநேரம் அதைப் பார்த்துவிட்டு நாலாக மடித்தார். "ஒரு வருசம் பாக்கறனுங்க" என்றார்.

அந்த ஒரு வருஷம் நான்காயிற்று. புதன்கிழமை தோறும் என் அறையில் அவர்கள் இரண்டு பேர், நான் பக்கத்தில் ஸ்டோர் அறையில் பஞ்சு எண்ணிக்கொண்டு. ஞானம் திட்டு வாங்கினாள். ஒரு தடவை ஜன்னல் கண்ணாடி உடைந்தது. அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது, என்ன செய்ய! அவர்கள் போனபின் ஞானம் என்னிடம் வந்து எல்லாவற்றையும் சொல்லுவாள், தடுமாறிய இடத்தை இருவரும் பேசிக்கொள்வோம். இன்றைக்கு நீங்கள் மேற்பார்வை என்கிறீர்களே, அதுதான். என் எரிச்சலையும் நான் அவளிடம் சொல்லிவிடுவேன். சொல்லிவிட்டால் அது சீட்டில் போய் உட்காராது. பாவாயி வீட்டில் சட்டிபானை பறப்பது குறைந்தது. மாமியாருக்குப் பக்கவாதம் வந்து கை விழுந்தபோது குளிப்பாட்டி, சோறு ஊட்டியது அவள்தான். பட்டணத்துப் பேச்சை அந்த வீட்டில் யாரும் மறுபடி எடுக்கவில்லை.

பிறகு எனக்கு ஆத்தூர்ப் பக்கம் மாற்றல் வந்தது. இந்தத் தடவை ஒழுங்காக நடந்துகொண்டேன். ஒரு மாதம் முன்னாலேயே பாவாயியைக் கூப்பிட்டு, இன்ன தேதி போகிறேன், திரும்பி வரமாட்டேன் என்று சொன்னேன். கதவைக் குத்துவாள், நாலு வார்த்தை ஏசுவாள் என்று மனசைத் தயார் செய்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். "அப்படிங்களா" என்றாள்.

போகிற நாள் ஒரு புதன்கிழமையாக அமைந்தது. சாமான் ஏற்றிய வண்டி வாசலில் நின்றது. பாவாயி வந்து கும்பிட்டாள்.

"போயிட்டு வாங்க டாக்டரம்மா. ஒடம்பப் பாத்துக்குங்க. மொதல்ல சித்தெ வெசனமாத்தான் இருந்துதுங்க, இப்ப தேவலைங்க." என் பின்னால் இருந்த சுவர்க் கடியாரத்தைப் பார்த்தாள். "நான் வாரேனுங்க, மணியாச்சு. அக்கா உள்ளார காத்துட்டு இருப்பாங்க."

உள்ளே போய்விட்டாள். ஒருவர் பிரிந்து போவதைத் தாங்கிக்கொண்டு, தன் வேலையைப் பார்க்கப் போகிறாள். இதற்குத்தான் நாங்கள் அத்தனை வருஷம் பாடுபட்டோம். வைத்தியம் பலித்துவிட்டது என்று அந்த நிமிஷம் எனக்கு நன்றாகவே தெரிந்தது. வண்டியில் ஏறி உட்கார்ந்து ஊர் எல்லை தாண்டும் வரை நான் நினைத்துக்கொண்டு போனது என்னவோ, எனக்காக அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டால் என்ன குறைந்துபோகும் என்பதுதான்.